இங்குட்டு டேங்கும் அங்குட்டு டேங்கும்

அந்தப் பகலில் நடந்தவை, வரிசைப்படி:

1. அப்பா ஜீப்பைக் கிளப்பிவிட்டு என்னிடம் ஒரு சொல் சொன்னார்.
2. பொட்டல் நடுவே வண்டி நின்றது.
3. முக்கால் மணி நேரம் கழித்து நான் ஒரு திருகைத் திருப்பினேன்.
4. வண்டி ஓடியது.
5. காரைக்குடி சந்திப்பில் மதராஸ் ரயில் போய்விட்டிருந்தது.

மூன்றாவது வரி அப்பாவுக்குத் தெரியாது.

பெட்ரோல் வாடை அப்பாவின் சட்டையிலும், எங்கள் தலையணைகளிலும், பள்ளிக்குக் கொண்டுபோகும் தயிர்ச்சோற்றிலும்கூட வீசிய காலம் அது; எனக்குப் பத்து வயது. திருக்கோஷ்டியூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தோம். அப்பா தம் பழைய ஜீப்பில், கிணறு வெட்டும் ஆட்களைப் பாதையே இல்லாத கருவேலங்காடுகளுக்குள் கொண்டுபோய் விடுவார். பெட்ரோலுக்குத் திருப்பத்தூருக்கோ காரைக்குடிக்கோதான் போக வேண்டும் என்பதால், மாதம் இருமுறையாவது வண்டி காட்டில் நின்றுவிடும். அப்பா தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். வாசலில் டின் சத்தம் கேட்டாலே அம்மா, "வண்டிய வித்துட்டு ஒரு கழுத வாங்குங்க, அது புல்லத் தின்னுட்டு வீடு வந்து சேரும்" என்பாள்.

அந்தப் பேச்சுப் பொறுக்காமல்தான் அப்பா இரண்டாவது டேங்க் வைத்தார். காரைக்குடிப் பட்டறை ஒன்றில் பழைய லாரி டேங்கை நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, ஆவி போனதும் வெட்டிச் சிறிதாக்கிப் பற்றவைத்து, இடது இருக்கைக்கு அடியில் பொருத்தினார்கள். வண்டியோடு வந்த டேங்க் வலப்பக்கம், அப்பாவின் இருக்கைக்கு அடியில். இரண்டின் குழாய்களும் இடது இருக்கையின் காலடியில் ஒரு திருகில் சேர்ந்தன. திருகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். ஊரார் அதை "ரெண்டாவது வயிறு" என்றார்கள். அப்பாவுக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. "இங்குட்டு" என்றால் இந்தப் பக்கம், தாம் உட்கார்ந்திருக்கும் டேங்க்; "அங்குட்டு" என்றால் அந்தப் பக்கம், புதியது. இறங்கிச் சுற்றி வந்து அவரேதான் திருப்புவார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, மதராசுக்குப் புறப்பட்ட பகலில் மட்டும் அவர் இறங்கவில்லை, அவசரம். டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மறுநாள் காலை நேர்முகத் தேர்வு. தாத்தா முன்பே சொல்லியிருந்தார்: "இந்த ஒரு தடவதான். கெடைக்கலேன்னா தையில தேவகோட்டை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்." சித்தி தகரப்பெட்டியைக் காலடியில் வைத்து இடது இருக்கையில் உட்கார, நான் அவளுக்கும் கதவில்லாத விளிம்புக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தேன்.

"ஏ பாப்பா, இங்குட்டுத் திருப்பு" என்றார் அப்பா.

பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன். திருகு ஏற்கெனவே என் பக்கம்தான் சாய்ந்திருந்தது. "இங்குட்டுத்தான்ப்பா இருக்கு" என்றேன். முந்தின நாள் ஓட்டத்தில் அங்குட்டு டேங்க் வற்றி, அடியில் கொஞ்சமே மிஞ்சியிருந்தது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பிள்ளையார்பட்டிக்கு நாலு மைல் இருக்கும்போது வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா தம் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார், முக்கால்வாசிக்கு ஈரம்.

"இங்குட்டுத்தானே இருக்கு?"

"இங்குட்டுத்தான்ப்பா."

"அப்பக் குழாய்ல தூசிதான்" என்று பானெட்டைத் திறந்தார். குழாயைக் கழற்றி ஊதினார், பம்பைக் கழற்றி ஊதினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சித்தி இறங்கினாள், ஏறினாள், சாலைப்பக்கம் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். "அத்தான், ரெண்டு வயிறு வச்சுவிட்டீக, ஒண்ணுலயுமா சோறு இறங்கல?" என்று சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் மணி கேட்டாள். ஏறி உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டாள்.

"பாப்பா, என் சீட்டுல துணி கெடக்கும், எடு."

சுற்றிப் போய் அப்பாவின் இருக்கையில் ஏறினேன். அங்கிருந்து குனிந்து பார்த்தபோது திருகு அங்குட்டுச் சாய்ந்திருந்தது. பெட்டிக்கு அடியில் கையை நீட்டி அதை இங்குட்டு இழுத்துவிட்டேன். துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா பம்பை மாட்டி, கம்பியைப் போட்டு ஆறேழு முறை சுற்ற, எஞ்சின் பிடித்துக்கொண்டது. "தூசிதான்! சொன்னேன்ல?" என்று அவர் கத்தினார். நான் ஓடிப்போய்ச் சித்தியின் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

காரைக்குடி வரை சித்தி பெட்டியின் கைப்பிடியைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தாள். நடைமேடையில் ஒரு போர்ட்டர், "இப்பத்தாம்மா போகுது" என்று கை காட்டிய திசையில் புகை மட்டும் இருந்தது. தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதுக் குழாய் இணைப்பில்தான் தூசி சேர்கிறது என்று தம் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, அப்பா இரண்டாவது டேங்கைக் கழற்றிவிட்டார்.

சென்ற மாதம் தேவகோட்டையில் சித்தியிடம் திருகைப் பற்றிச் சொன்னேன்.

"அடியே, அத்தான் சீட்டுலருந்து பெட்டிக்கு அடியில ஒன் கை வந்தத நான் பாக்கலைன்னா நெனச்ச?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா ரயிலு திரும்பி வருமாக்கும்?" என்றாள். பிறகு அரிசி களைந்துகொண்டே, "அத்தான்ட்டச் சொல்லிருடி. ஆசையா வச்சதக் கழட்டிப் போட்டுட்டாக, பாவம்" என்றாள்.

நான் இப்போது இயந்திர வரைபடங்கள் வரைகிறேன். இடம், வலம் என்று வருமிடமெல்லாம் 'ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க' என்று சேர்க்கிறேன். மேலதிகாரி அடித்துவிடுகிறார், மறுபடி எழுதுகிறேன். இரண்டாவது டேங்க் கொல்லையில் துருவேறி அடி விட்டுப்போய், போன வருடம் பழைய இரும்புக்காரரோடு போயிற்று. ஜீப் ஒற்றை டேங்கோடு ஓடுகிறது. அப்பா இன்னமும் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார். சித்தி வீட்டில் டெலிபோன் இல்லை. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.