ஒன்பது கார் போக மிஞ்சியது

கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் வெட்டுகிற அந்த மனிதருக்குக் கடையில் 'மிச்சம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. வேலை பார்த்தது மச்சினன் கடையில். மனைவியின் கூடப்பிறந்த தம்பி அவன். மாமியாரும் அந்நியம் இல்லை, இவருடைய அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்தம். கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறு வாசல் கிடையாது.

கடையின் பின்னறையில் கண்ணாடி போட்ட நீள மேசை. சுவர் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு காரின் கண்ணாடி அளவுகள் தடித்த அட்டையில் வெட்டித் தொங்கும். பிலிமை விரித்துவிட்டு, மிச்சம் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு முன்கதவு அட்டையை நேராக வைப்பார். பின்கதவு அட்டையைத் தலைகீழாக்கி அதன் தோளில் சாய்ப்பார். இரண்டு சரிவும் ஒட்டிப் பிறந்த மாதிரி உட்காரும். இடையே முக்கோணமாக ஒரு சந்து விழுந்தால் அதில் மூலைக் கண்ணாடியின் குட்டித் துண்டு. பின்பக்கப் பெரிய கண்ணாடியை மட்டும் குறுக்கே திருப்ப மாட்டார். சூடு காட்டினால் பிலிம் ஒரு வாக்கில்தான் சுருங்கும், மாற்றி வெட்டினால் மடிப்பு விழும். மற்றபடி இரண்டு துண்டுக்கு நடுவே ஒரே கோடுதான். ஒரு வெட்டில் இரண்டு விளிம்பு.

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் படுக்க இடம் பற்றவில்லை என்றால், "மிச்சத்தைக் கூப்பிடு, பாய் போடட்டும்" என்பார்கள். தலைகால் மாற்றி மாற்றிப் போட்டு, சிறுசுகளைச் சந்துகளில் செருகி, பத்துப் பேர் அறையில் பதினைந்து பேரைப் படுக்க வைத்துவிடுவார். கடைசியில் அவருக்குத்தான் இடம் இருக்காது. வாசற்படியில் போய் உட்கார்ந்து விடிய வைப்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

எல்லாக் கடையிலும் ஒரு ரோலில் எட்டுக் கார்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மச்சினன் தோளில் கை போட்டுச் சொன்னான்:

"அத்தான், சம்பளத்த ஏத்துன்னு மட்டும் கேக்காதீங்க. ஒன்பது கார் வெட்டிக் குடுங்க. அதுக்கு மேல ரோல்ல எது மிஞ்சினாலும் உங்களுது. சேத்து வைங்க. ஒரு கடை போடுற அளவு சேந்ததும் சொல்லுங்க, நானே வந்து ஷட்டரத் தூக்கிவிடுறேன்."

சொந்தக் கடை. அந்தச் சொல்லில் மனிதர் விழுந்தார். அன்றிலிருந்து ஒரு விரற்கடை பிலிம் குப்பைக்குப் போனதில்லை. ரோலுக்கு ஒன்பது கார் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவதைச் சுருட்டி, ரப்பர் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவார். தகரக் கூரைக்குக் கீழே பரண் நிறைந்தது. கட்டிலுக்கு அடியிலும் இடமில்லாமல் போயிற்று. மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் படுத்திருந்த இடத்தில் சுருள்கள் படுத்தன. மனைவி கூட்டும்போது அவற்றை விளக்குமாற்றால் தள்ளிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். தன் உழைப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்று அவர் நினைத்தார்.

கடையில் பிலிமை ஒட்டுகிறவனுக்கு 'ஹீட்டர்' என்று பெயர். அவனும் விடமாட்டான். "என்ன அண்ணே, சொத்து எங்க வரைக்கும் வளந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு முதலாளியைப் பார்ப்பான். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெட்டுகிறவர் வேறு, ஒட்டுகிறவன் வேறு. பிலிமின் பசையை மூடியிருக்கும் மெல்லிய தோலை ஒட்டுகிறவன்தான் உரிப்பான். மிச்சம் அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை உரித்துப் பார்த்ததில்லை.

ஒருநாள் வீடே கொள்ளவில்லை. அடுத்த தெருவில் ஒரு சின்ன ஷட்டர் கடையைப் பிடித்தார். திறந்த அன்று மாமியார், மனைவி, மகள், மருமகன் எல்லாரும் வந்து நின்றார்கள். சொன்ன வாக்குப்படி மச்சினனே ஷட்டரைத் தூக்கிவிட்டான். ஒட்டுவதற்கு ஹீட்டரையும் கூட்டிவந்திருந்தான். முதல் கார் மருமகனுடையது.

மிச்சம் தன் சுருளை விரித்து வெட்டிக் கொடுத்தார். ஹீட்டர் கண்ணாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தோலை உரித்தான். பசை தோலோடு வந்தது. பிலிம் வெறும் தாளாக, பெருநோய் பிடித்த தோல் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது.

"அடுத்தது குடுங்க அண்ணே."

அதுவும் அப்படியே. மிச்சம் வேறு சுருள் எடுத்தார், அதற்கும் அடுத்தது எடுத்தார். வியர்வை மூக்கில் சொட்டியது. மாமியார்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மகள் மட்டும் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள்.

"பழைய பிலிம் செத்த பிலிம், அத்தான்," என்றான் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுவும் தகரத்துக்கு அடியில வெந்திருக்கு. இவ்ளோ நாள் தொழில்ல இருக்கீங்க, இது தெரியாதா?"

"உனக்கு எப்ப தெரியும் மச்சான்?"

"ஒட்டுற எல்லாருக்கும் தெரியும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு?"

"தம்பி சொல்ல வேணாம்னான்," என்றாள் அவள், முந்தானையால் வாயை மூடியபடி. "ஆசையா சேக்கட்டும்க்கா, அப்பதான் கை இழுத்துப் பிடிச்சு வெட்டும்னான். நான் என்ன பண்றது?"

மருமகன் காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு மச்சினன் கடைக்கே போனான். ஷட்டர் கடையை வாடகைக்கு விட்டவர் வந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். போகும்போது மச்சினன், "திங்கக்கிழம வந்துடுங்க அத்தான், கார் வரிசையா நிக்குது," என்றான்.

வந்தார். வேறு எங்கே போவார்? புது ரோலை விரித்தார். இந்த முறை எட்டுக் கார்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அட்டைகளை அகல அகலமாக வைத்தார். கத்தியை எடுக்கும் முன் கை தானாக நீண்டது. பின்கதவைத் தலைகீழாக்கி முன்கதவின் தோளில் சாய்த்தது. சந்தில் குட்டித் துண்டைச் செருகியது. வாரக் கடைசியில் ஒன்பதாவது காரும் ஆயிற்று. மேலும் ஒரு துண்டு மிஞ்சியது.

மச்சினனே அதைச் சுருட்டினான், ரப்பர் போட்டான், அவர் கக்கத்தில் செருகினான்.

"உங்க பங்கு அத்தான். நான் பேச்சு மாற மாட்டேன்."

ஹீட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மிச்சம் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"அடியில எங்க இடம் இருக்கு?"

அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு பழைய சுருள்களைத் தலைகால் மாற்றித் திருப்பினார். இடம் வந்தது.