ஏரோப்ளேனுக்கு அம்மா வைத்த பொட்டு

பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும்...

அப்போது நான் சால்ட் லேக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு பவானிபூரில், பெங்காலிகளுக்கு நடுவில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குக் கப்பல் இன்ஜின் ரிப்பேர் செய்யும் தொழில். மற்ற அப்பாக்கள் கார் வாங்கினால், இவர் ஒரு நண்பரோடு கூட்டுச் சேர்ந்து பழைய ரெண்டு சீட்டு விமானம் ஒன்றை வாங்கி, ஊர் ஓரத்துச் சின்ன ரன்வே பக்கத்தில் ஒரு ஹேங்கரில் நிறுத்தியிருந்தார். பைலட் லைசென்ஸும் வைத்திருந்தார்.

அம்மா மட்டும் அதில் ஏறியதே இல்லை. "பட்டத்துக்கு சீட் வெச்ச மாதிரி இருக்கு, நான் மாட்டேன்" என்பாள்.

அந்த வருடம், விமானம் ஓட்ட அப்பாவுக்குக் கொடுத்திருந்த மெடிக்கல் சர்டிபிகேட் நவராத்திரி வாரத்தோடு முடிவதாக இருந்தது. கண் பார்வை மோசம், அடுத்த முறை தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஓட்ட முடியாது. அதைக் கேட்டதும் அம்மா தானாகவே, "விஜயதசமி அன்னிக்கு ஒரே ஒரு தடவை வரேன்" என்றாள். அப்பா அன்று தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஹேங்கர்காரர்கள், பெங்காலி வழக்கப்படி இயந்திரங்களுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜைக்கே விமானத்துக்கு மாலை போட்டு, பிரசாதமும் கொடுத்து முடித்திருந்தார்கள். ஆனால் அம்மாவுக்கு அது கணக்கில் சேராது.

"அது அவா பூஜை. நம்ம ஆயுத பூஜை பண்ணாம எப்படி ஏறறது?"

அதனால் நவமி அன்று, டாலிகஞ்ச் பூஜைப் பந்தல் கூட்டத்துக்குள் டாக்ஸியில் ஊர்ந்து, மடியில் சந்தனக் கிண்ணத்தோடு போனோம். மூக்குக்கு ஒரு பொட்டு, இறக்கைக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று... விமானத்தின் பக்கவாட்டில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. யாரும் தொடக்கூடாது என்று அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள். நன்றாக அழுத்தி வைத்தாள்.

மறுநாள் காலை பறப்பதற்கு முன்னால் சுற்றிப் பார்த்த அப்பா அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். சந்தனம் துளைக்குள் போய்க் காய்ந்திருந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தெரியவேண்டும். அடைத்துக்கொண்டால் உயரம் காட்டும் முள் பொய் சொல்லும்.

எடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. விமானத்தில் பாதி அப்பாவுடையது. ஆனால் சொந்தக்காரர் தன் கையால் செய்யலாம் என்று சட்டம் விட்டிருப்பது சில்லறை வேலைகள்தான். கழுவலாம், டயருக்குக் காற்றடிக்கலாம். மற்றதை லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் இன்ஜினியர் கோஷ் தாவோ (பெங்காலியில் அண்ணனுக்கு 'தாதா', சுருக்கமாக 'தா') பூஜைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். தசமிக்கு ஐந்து நாள் கழித்து வரும் லட்சுமி பூஜை முடியாமல் வரமாட்டார்.

போன் போட்டோம். பின்னால் டாக் மேளச் சத்தம் காதைக் கிழித்தது. பெங்காலியில் அவர் சொன்னது இதுதான்: "வெளியே இருந்தா அழுக்கு, துடைச்சுக்கோங்க தாதா. உள்ளே போயிட்டா ரிப்பேர். குழாயைக் கழட்டி டெஸ்ட் பண்ணணும். நான் வந்தாத்தான் ஆகும்."

எவ்வளவு உள்ளே போனால் உள்ளே? அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். "கப்பல் இன்ஜினையே பிரிச்சு மாட்டறேள். ஒரு பொட்டை எடுக்கத் தெரியாதா? நீங்களே எடுங்கோ."

அப்பா கையில் பல் குத்தும் குச்சி வைத்திருந்தார். துளைப் பக்கம் குனிந்தார், நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். எனக்கோ அவர் எடுக்கவேண்டும் என்றும் இருந்தது, எடுக்கக்கூடாது என்றும் இருந்தது. கடைசியில் குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஆத்துக்குப் போலாம்" என்றார்.

கோஷ் தா வந்து சரிசெய்து கையெழுத்துப் போட்டபோது அப்பாவின் மெடிக்கல் முடிந்திருந்தது. கொஞ்ச நாளில் விமானத்தையும் விற்றாகிவிட்டது.

இப்போது என் காரின் பானெட்டை எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஏதாவது சத்தம் வந்தால் சர்வீஸ் சென்டர். எதையும் நாமே தொட்டால் வாரன்டி போய்விடுமாம். எல்லாம் தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்...

போன வாரம் டீ குடிக்கும்போது அம்மா திடீரென்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு நீங்களே எடுத்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை கேக்காம ஏறி உக்காந்திருப்பேன்."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். அதனாலதான் எடுக்கலை."

அவர் சட்டத்துக்குப் பயந்தாரா, வேறு எதற்காவது பயந்தாரா... எனக்கு இன்னும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அப்பாவின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.