இருபத்தேழு வீட்டுச் சாவி

உடும்பஞ்சோலைக்கு மேலே உள்ள அந்த ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருபத்தேழு வீடுகள். இருபத்தேழு சாவிகளும் காலையில் சுவக்கீனின் மளிகைக் கடைக்கு வந்துவிடும். காய் எடுக்கப் போகிறவர்கள் ஜீப் ஏறும் முன் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏலச்செடிக்கு அடியில் விழுந்த சாவியை யார் தேடுவது? வாங்கிய கையோடு சுவர்ப் பலகையில் அந்தந்த வீட்டு ஆணியில் மாட்டுவது சுவக்கீனின் பழக்கம். எதிரே சர்க்கரைக்கு நாலு பேர் நின்றாலும் முதலில் சாவிதான்.

அவர் இனிமையான மனிதர் இல்லை. முன்பு ஒருமுறை, தம்பிதானே என்று நம்பி ஒருவனிடம் சாவியைக் கொடுத்தார். அவன் அண்ணன் வீட்டைத் துடைத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு, கொடுத்த கைக்குத்தான் சாவி. ராசம்மாள் காய்ச்சலோடு பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு புருஷனை அனுப்பியபோதும் கொடுக்கவில்லை. ராசம்மாளே ஏறி வந்து வாங்கினார். பிறகு பல நாள் அந்தக் கடையில் உப்புகூட வாங்கவில்லை.

போன புதன்கிழமை காலை, ஜீப் போன பிறகு பினு வந்தான். அவன் அடி தாங்காமல் மனைவி டின்சி தாய் எப்சிபாவிடம் வந்திருந்தார். தாயும் மகளும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவியைப் பினு கேட்டான். சுவக்கீன் கொடுக்கவில்லை. பினு கையில் அரிவாள் இருந்தது.

சுவக்கீனின் மனைவி கத்தரீனாள் அப்போது குழாயடியில் நின்றிருந்தார். "சாவியக் குடு" என்ற சத்தம் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போலீஸ் கடைக்கு சீல் வைத்தது. சாவிகள் எல்லாம் உள்ளே. சாயங்காலம் ஜீப்புகள் திரும்பியதும் லயம் முழுவதும் கத்தரீனாளைச் சுற்றிக்கொண்டது.

"மயினி, சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீங்க," என்றார் ராசம்மாள். "ஆடு உள்ள கெடந்து கத்துது. போலீசுகிட்ட ஒரு வார்த்த சொல்லி எஞ்சாவிய மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்களேன்."

"அவரு உடம்பையே இன்னும் ஆஸ்பத்திரியில தரல ராசம்மா."

"அது தந்துருவாங்க மயினி. ஆடு பொறுக்குமா?"

இருட்டும் வரை கல்லால் பூட்டு உடைக்கும் சத்தம் கேட்டது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கட்டன்சாயா குடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "சாவியக் குடுத்திருந்தா உசுரோட இருந்திருப்பாரு." கத்தரீனாளின் காதுபடவே சொன்னார்கள். எப்சிபாவும் டின்சியும் கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்கள்.

டிவிக்காரர்கள் வந்தபோது ஊருக்கே பேச்சு வந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாச்சர் அழகுமலை மூன்று சேனலுக்கு நிமிர்ந்து நின்று, "தங்கமான மனுசன்" என்றார். போலீஸ் மொழி கொடுக்க, அதாவது வாக்குமூலம் சொல்ல, கூப்பிட்டபோது, விடியும்போதே சாவியைக் கொடுத்துவிட்டு நடந்துபோய்விட்டதாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். வேறு யாரும் கடையருகே இல்லை.

அதற்குள் பினுவின் அண்ணன் தம்பிகள் ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். சுவக்கீன் திருட்டு ஏலக்காய் வாங்குகிறவராம். அதைப் பினு கேட்டதற்கு அவர்தான் முதலில் கத்தியை எடுத்தாராம். லயத்தில் சிலர், "நெருப்பில்லாம புகையுமா?" என்றார்கள். நேற்றுவரை தங்கள் வீட்டையே அவரிடம் விட்டுப்போனவர்கள். பார்த்த சாட்சி இல்லாமல், கட்டியவள் சொல்லை மட்டும் வைத்து அந்தக் கதையை உடைப்பது கஷ்டம் என்றார் வக்கீல்.

சீலை எடுத்த அன்று கத்தரீனாள் கடையைத் திறந்தார். வாசலில் வரிசை. உடைத்த பூட்டுக்குச் சாவி எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் வந்துவிட்டார்கள். பலகையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஒரே ஒரு ஆணி காலியாக இருந்தது.

அழகுமலையின் முறை வந்தது.

"அண்ணே, நீங்க சாவியக் குடுத்தது எப்ப?"

"விடியக்காலையில தங்கச்சி. அவருதான் வாங்கி மாட்டுனாரு."

"மாட்டலையே. தராசுத் தட்டுல கெடக்கு."

பின்னாலிருந்து ராசம்மாள் எட்டிப் பார்த்தார்.

"தட்டுலயா? எனக்குக் காய்ச்சல்னப்பவே வழக்கத்த மாத்தாத மனுசன், உமக்காக மாத்துனாராக்கும்? மாட்டுறதுக்குக் கை இல்லாத நேரத்துலதான் நீரு வச்சிருக்கீரு."

அழகுமலை தட்டைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக தங்கச்சி. அவனுக அண்ணந்தம்பி வீட்டத் தாண்டித்தான் நான் தெனமும் நடக்கணும்."

"டிவியில நிமுந்து நின்னீங்களே, அவனுக வீட்டுல டிவி இல்லையா?"

"அதுல நல்லதுதான சொன்னேன்."

"நல்லது போதும்ணே, வயிறு ரொம்பிருச்சு. நடந்ததச் சொல்லுங்க."

அழகுமலை சொன்னார். "சாவியக் கேட்டான். இவரு, 'குடுத்த புள்ள வந்து கேக்கட்டும்'னாரு. நான் சாவிய நீட்டிக்கிட்டு நிக்கேன். அவன் அரிவாள எடுத்தான். தட்டுல போட்டுட்டு ஓடிட்டேன். ஏலக்கா பேச்சே வரல."

"இத என்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?" கத்தரீனாள் சாவியைத் தட்டிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். "அடுத்த ஆளு வாங்க."

வரிசையின் கடைசியில் டின்சி நின்றிருந்தார். சாவி கிடைத்ததும் அதைத் திரும்ப நீட்டினார். "நாளைக்கு வேலைக்குப் போறேன் அத்தை. இங்கயே இருக்கட்டும்." கத்தரீனாள் வாங்கி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை அழகுமலை தன் சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு, ராசம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மொழி கொடுத்தார். பினுவின் ஜாமீன் மனு வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது.