கடல் மேற்கே கிடந்த முகாம்

எட்டுப் பேரைக் கிழக்கே இருந்த தென்னந்தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நான் நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீன்காரர்கள் எங்கள் துவக்குகளைக் கண்டு எழும்பி நின்றுவிட்டார்கள்.

"கிழக்கு எது, கோப்ரல்?" என்று பயிற்சிக்குப் பொறுப்பான பண்டார சேர் சிங்களத்தில் கேட்டார்.

"கடல் பக்கம், சேர்" என்று கையை நீட்டினேன். பின்னேரச் சூரியன் என் விரல் நுனியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மீன்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

கல்முனைக்காரனுக்குக் கடல் என்றால் கிழக்கு, வட்டை என்கிற வயல்வெளி மேற்கு. வீடு தேடி வருகிறவருக்கும் "கடல் பக்கம் கிறுகுங்க, மறுகா வட்டைப் பக்கம் கிறுகுங்க" என்றுதான் வழி சொல்லுவோம். இந்த முகாமோ புத்தளம் பக்கம், நாட்டின் மேற்குக் கரையில் கிடந்தது. திசை காட்டுகிற கொம்பாஸ் என் பையிலேயே இருந்தது. வெளியே எடுக்க வேண்டுமென்று தோன்றவேயில்லை. அணிக்கு ஆளாக என்னோடு வந்த சிப்பாய், காரைதீவுக்காரன் பரமுவும் எங்கள் அணியில்தான். நடு வழியில் "கடல் பக்கம்தானே மச்சான்?" என்று கேட்டதற்கு "ஓம், நேரே போ" என்று சொன்ன புண்ணியவான் அவன்.

நாங்கள் தொண்டர் படைக்காரர். முகாம் இல்லாத நாளில் எனக்குக் கல்முனையில் டயர் கடை, பரமுவுக்கு வயல். அது கோப்ரல்களைச் சார்ஜன் ஆக்குகிற பயிற்சி. மூன்று பட்டியைத் தோளில் குத்திக்கொண்டு ஊரில் நடக்கிற ஆசை எனக்கு இல்லாமலில்லை. ஆனால் காரியம் வேறு. எங்கள் பிரிவில் வகுப்பு எடுக்கிறவர் சார்ஜன். வகுப்பெல்லாம் சிங்களத்தில். எங்கள் ஊர்ப் பொடியன்மார் விளங்காமலே தலையாட்டுவார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்து "காக்கா, அவர் என்ன சொன்னவர்?" என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு அது பொறுக்காது. நான் சார்ஜனானால் தமிழில் வகுப்பு நடக்கும்.

பண்டார சேர் சுருக்கமாகச் சொன்னார்: "கடைசிப் பரீட்சையிலும் இப்படிப் போனால் கோப்ரலாகவே வீட்டுக்குப் போ. உன் வயதுக்கு அடுத்த பயிற்சி கிடையாது."

முகாமுக்குத் திரும்பும்போது பரமு என் பக்கத்தில் வந்தான். மறுகா மெதுவாகச் சொன்னான்: "நீ தோத்தா நாங்க இன்னும் தலையாட்டத்தான் மச்சான்."

மஃரிபுக்குத் தொழுகைப் பாயை விரித்தபோதுதான் புத்தி வந்தது. முகாமுக்கு வந்த முதல் நாள், ஊரில் போலவே கடலுக்கு முதுகைக் காட்டி, மக்காவைப் பார்ப்பதாக நினைத்துத் தொழ நின்றேன். சமையற்கட்டு றஷீத் செருமினார். "நானா, கிப்லா இந்தப் பக்கம். கடலைப் பார்த்து நில்லுங்க" என்றார். அவர் புத்தளத்துக்காரர், அவருக்கு அது பழக்கம். எனக்கோ கடலைப் பார்த்துத் தக்பீர் கட்ட ஒரு மாதிரியாக இருந்தது. தொழுகையில் திசையைத் திருத்திக்கொண்ட நான் மேப்பில் திருத்தவில்லை. இரண்டையும் வேறு வேறு சங்கதியாக வைத்திருந்திருக்கிறேன், மடையன்.

தொழுது முடித்துக் கொம்பாஸை எடுத்துப் பாயின் தலைமாட்டில் வைத்தேன். கிப்லா மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து நின்றது. வகுப்பில் சொன்னபடி பாகையைக் குறித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் அதே வேலைதான். பரமுவும் பக்கத்தில் குந்தியிருந்து மேப்பை விரித்துப் பழகினான்.

கடைசிப் பரீட்சை நாள் வானம் கறுத்துக் கிடந்தது. காட்டுப் பாதையில் பாதித் தூரம் போனதும் பண்டார சேர் கையை நீட்டினார். "கொம்பாஸைத் தா. அது உடைஞ்சு போச்சு என்று வைத்துக்கொள். இனி நடத்து."

வெயில் இல்லை. நிழல் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிப் பற்றை. ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். பரமு மட்டும் கையை நீட்டவில்லை. முந்தி வாங்கின சிரிப்பு அவனுக்குப் போதும்.

ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்த நேரம் பற்றைக்கு அங்கால் ஒரு சின்னப் பள்ளிவாசல் தெரிந்தது. கிட்டப் போய்ச் சுற்றி வந்தேன். இமாம் நிற்கிற மிஹ்ராப் மாடம் ஒரு சுவரில் வெளியே புடைத்திருந்தது. கிப்லாச் சுவர் அதுதான். மேப்பை நிலத்தில் விரித்து, அந்தச் சுவருக்கு என் பாகையை வைத்துத் திருப்பினேன். வடக்கு பிடிபட்டது. மேப்பில் இருந்த வாய்க்காலும் பள்ளிக்குப் பின்னால் அப்படியே ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

"இப்படித்தான். வாங்க" என்றேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

சேர வேண்டிய இடத்துக்கு நாங்கள்தான் முதலில் வந்தோம். தேத்தண்ணி கூட இன்னும் கொதிக்கவில்லை. எப்படி வந்தாய் என்று பண்டார சேர் கேட்டார். சொன்னேன். மேப்பை வாங்கிப் பாகையைச் சரிபார்த்தார். பிறகு மற்ற அணிகளையும் கூப்பிட்டு, "இவர் சொல்லுவார், கேளுங்க" என்று என்னை நடுவில் நிறுத்தினார். என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மூன்று பட்டியோடு ஊருக்கு வந்தேன். எங்கள் பிரிவில் ஒரு சனிக்கிழமை, தமிழில் மேப் வகுப்பு. பரமு பின்வரிசையில் இருந்தான்.

"கிழக்கைக் காட்டுங்க" என்றேன். அத்தனை கையும் ஒன்றாகக் கடல் பக்கம் போனது. பரமு குனிந்து சிரித்தான்.

"சரி. இப்ப கையை இறக்கிட்டுக் கொம்பாஸை எடுங்க."

முன்வரிசையில் ஒருத்தர் எழும்பினார். "சார்ஜன், நாங்க காட்டினது சரியெண்டா கொம்பாஸ் என்னத்துக்கு?"

"இஞ்ச சரி. நாளைக்கு உங்கள எங்க கொண்டு போய் இறக்குவாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?"

உடனே இன்னொருவர் எழும்பினார், அவர் குந்துமுன்னமே மற்றொருவர். வகுப்பு நேரம் முடிந்தும் கேள்வி முடியவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் தலையாட்டவில்லை.