சன்னலுக்கு வெளியே விட்ட பதில்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவி அறையில் ஆண்கள் பாயில் உட்காருவார்கள். பெண்கள் வெளியே, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஞாயிறு காலை வந்த ஆங்கில விண்வெளித் தொடருக்கு மட்டும் சன்னலில் முதல் இடம் எனக்கு. அதை மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தொடரில் பேசுவதைத் தமிழில் சொல்ல அவர்களுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது.

ஊரில் அதற்குக் கப்பல் படம் என்று பெயர். முதல் கப்பலின் கதை முடிந்து, வேறு கேப்டனோடு இன்னொரு கப்பல் வந்ததும் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டானது. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்து மயில்துத்த நீலம் ஏறிய கைகளை நீட்டி நீட்டிச் சண்டை போடுவார்கள்.

“பழைய கப்பல்தாம்லே கப்பல். ‘ஓடுனாலும் சாவு, நின்னாலும் சாவு, நின்னே சாவோம்’னு கேப்டன் சொன்னாருல்ல, அந்த வாரத்துக்கு ஈடு உண்டா?”

அந்த வசனத்தைத் தமிழில் சொன்னவள் நான். பக்கத்தில்தான் நின்றேன். யாருக்கும் அது நினைவில்லை.

“எனக்கு அந்தக் காத்து அளக்குற பொம்பள வாரந்தான் பிடிச்சது” என்றேன்.

“போத்தா, ஒரு குண்டு கூட வெடிக்கல. கப்பலப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

ஆளில்லாத கோளில் ஒருத்தி தனியாகக் காற்றை அளந்துகொண்டிருப்பாள். அவளை அழைத்துப்போகக் கப்பல் வரும். இவள் போக மாட்டாள். ஏன் என்று கேப்டன் கேட்பார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பதில் சொல்லி முடித்துவிட்டாள். ஒன்றைச் சொன்னால் அடுத்ததைக் கேட்க முடியாது. வாரா வாரம் நான் இழந்தது அதைத்தான். ஆனால் அந்த ஒரு பதிலை மட்டும் என்னால் விட முடியவில்லை.

பிடித்த வாரம் எதுவென்று டிவியில் நேயர்களைக் கேட்டார்கள். தபால் அட்டை போட்டேன். என்னைப் போல் பலர் போட்டிருக்க வேண்டும். அந்த வாரத்தையே மறுபடி ஒளிபரப்பப் போவதாக அறிவித்தார்கள்.

“எந்தக் கூறுகெட்டவன் இதுக்கு ஓட்டுப் போட்டது?” என்றார் டிவி இருந்த மரப்பெட்டியின் சாவியை வைத்திருந்தவர்.

“நாந்தேன் மாமா. இந்த ஒரு வாரம் நான் உள்ள உக்காந்து சும்மா கேக்குறேன். தமிழ்ல சொல்ல மாட்டேன்.”

“அங்கன நின்னு சொல்றதுக்குத்தானே ஒன்னய விட்டுருக்கு!”

அந்த ஞாயிறு நேரே உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முன்வரிசையிலிருந்த என் அய்யா திரும்பினார். “எம்புள்ள இங்கிலீசு சொல்லுதுல்ல” என்று கடை கடையாகப் பெருமை பேசியவர்.

“எந்திரி. மானத்த வாங்காத.”

நான் எழவில்லை.

“பொட்டப்புள்ள உள்ள இருக்க வரைக்கும் படம் கிடையாது” என்று சாவிக்காரர் மரப்பெட்டியின் கதவுகளைச் சாத்திப் பூட்டினார். அத்தனை பேரும் பூட்டிய பெட்டியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். நான் உள்ளே உட்காருவதைவிட அது அவர்களுக்கு மேலாகத் தெரிந்தது.

அவர்களுக்கு டிவி என்றால் படம்தான். குரல் என் வேலை. அதனால் பூட்டியவருக்கு, ஓடிக்கொண்டிருந்த டிவியைக் குமிழைத் திருகி அணைக்கத் தோன்றவில்லை. பெட்டிக்குள்ளே கப்பல் இறங்கியது. காற்று அடித்தது. கேப்டன் கேட்டார்: இனி எந்தக் கப்பலும் வராதே, யாருக்காக இருக்கிறாய்?

அவள் சொன்னாள்: “நான் கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. இது என் வேலை.”

“என்னத்தா சொல்றா?” என்று அய்யா கேட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பாயிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சன்னல் கம்பிகளுக்கு அப்பால் பெண்களும் பார்த்தார்கள்.

எழுந்து வெளியே போய், பெண்களிடம் மட்டும் சொன்னேன். மெதுவாக.