துருவைத் துடைத்தவர்

நானுஓயாவில் தேர் என்றால் ஜனங்கள் முதலில் தேடுவது சாமியை அல்ல, அழகனை. கோயில் இருப்பது மேட்டில், கடைத்தெரு இருப்பது பள்ளத்தில். தேரை மேலே இழுக்க எத்தனையோ கை வரும். கீழே இறக்குவதுதான் தலைவலி. மழையில் ஊறிய தார் ரோட்டில், சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டு நிறுத்தி, எடுத்து, மறுபடி போட்டு, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். கட்டை போடுகிறவர் கொஞ்சம் பிந்தினாலும் தேர் ஆள்மேல் ஏறிவிடும். அழகன் கையில் கட்டை இருந்தால் கைக்குழந்தைக்காரிகள்கூடத் தேருக்கு முன்னால் கதை பேசிக்கொண்டு நடப்பார்கள்.

மற்ற நாட்களில் அவர் டிரைவர். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, பிறகு ஹோட்டல் முதலாளி வீட்டில் காரோட்டியானவர். பெரிய முதலாளி கண்ணை மூடியதும், அதே சாவியோடு மகன் மதுசூதனனுக்கு ஓட்டினார். சின்ன வயதில் மதுசூதனன் அவர் மடியில் உட்கார்ந்துதான் ஸ்டியரிங் பிடிக்கப் பழகினான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வளைவுகளில் அவனுக்கு வாந்தி வரும். சீட் கெட்டுவிடும் என்று தன் சட்டையிலேயே ஏந்திக்கொள்வார். ஆள் இருக்கும்போது அவனை முதலாளி என்பார். இல்லாதபோது தம்பிதான்.

அந்தத் தம்பி இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தான். குழியும் குண்டுமான நம் ரோட்டுக்கு, தரையோடு படுத்துக் கிடக்கும் அந்த வண்டி எதற்கு என்று கேட்கக் கூடாது. காசுள்ளவன் ஆசைக்கு யார் கணக்குக் கேட்பது? ஏப்ரல் மாதம் கொழும்புச் சனம் நுவரெலியாவில் கூடும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சக்கரத்துக்குள்ளே மஞ்சள் நிறத்தில் பிரேக்கின் கவ்வி பளிச்சென்று தெரியும். அது கவ்விக்கொண்டிருந்த பிரேக் தட்டைத் தொட்டுக் காட்டி மதுசூதனன் சொன்னான்.

"இந்தத் தட்டு இரும்பு இல்லண்ணே. கார்பன் செராமிக். கரியையும் மண்ணையும் சேத்துச் சுட்ட மாதிரி. லேசுல தேயாது, துருப்பிடிக்காது. வண்டி விலையில பாதி இதுக்குத்தான்."

அழகனுக்கு வாயெல்லாம் பல். விடிகாலைக் குளிரில் முதல் இரண்டு மிதிக்கு அந்தப் பிரேக் முனகும், சரியாகப் பிடிக்காது. "தொரைக்கு இன்னும் தூக்கம் தெளியல" என்று சிரித்துக்கொண்டே மெல்ல ஓட்டிச் சூடாக்குவார்.

மறு வருஷம் கினிகத்தேனை இறக்கத்தில் டயர் வெடித்தது. பஞ்சர் ஒட்டும் கடைப் பையன் சக்கரத்தைக் கழற்றும்போது தட்டின் ஓரத்தில் இடித்துவிட்டான். கண்ணாடிக் கோப்பை உடைவது போல ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அழகன் அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் மதுசூதனனிடம் கொடுத்தார். மறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மதுசூதனன் திட்டவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்த மாதம், உடைந்த தட்டுக்காக வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். வேலை முடியும்வரை அழகன் வண்டிப் பக்கத்திலேயே நிற்பார். அது அவர் வழக்கம். அன்று மதுசூதனன் அவர் தோளில் கை போட்டான்.

"அண்ணே, வெள்ளவத்தையில மக இருக்காள்ல? போய் பாத்துட்டு வாங்க. சாயந்தரம் வந்தா போதும்."

இனிப்புப் பெட்டி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தான். துணிக்கடையில் வேலை செய்யும் மகளிடம் அழகன் அன்று பேசியதெல்லாம் மதுசூதனனின் நல்ல மனசைப் பற்றித்தான். பாவி மனுஷன், இனிப்பைத் தின்றுகொண்டே பேசியிருக்கிறார்.

திரும்பும்போது பிரேக் மிதித்த இடத்தில் பிடித்தது. மறுநாள் விடிகாலையிலும் முனகவில்லை. அழகனுக்குச் சந்தோஷம். ஆனால் அதற்கடுத்த நாள் வண்டி கழுவக் குனிந்தபோது தட்டு பழைய கரிநிறத்தில் இல்லை, வெள்ளி நிறமாக இருந்தது. இரவெல்லாம் பெய்த தூறலில் அதன்மேல் செம்மஞ்சளாகத் துரு பூத்திருந்தது.

தெரியாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆயுசு முழுக்க வண்டியோடு கிடந்தவருக்கு இரும்பைத் தெரியாதா? தெரிந்தது. அதனால்தான் நேராகப் போய்க் கேட்டார்.

"தம்பி, தட்டு துருப்பிடிச்சிருக்குங்க. இரும்பு மாதிரி இருக்கே?"

மதுசூதனன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இல்லண்ணே, அதே கார்பன்தான். புது மாடல். மேல இரும்புப் பூச்சு குடுத்திருக்கான், நம்ம குளிருக்கு நல்லாப் புடிக்கட்டும்னு. தொடச்சுவிட்டாப் போயிரும்."

துடைத்தால் போயிற்றுதான். தூக்கி வளர்த்த பிள்ளை சொன்ன பிறகு சொந்தக் கண்ணுக்கு என்ன மரியாதை? அன்றிலிருந்து அழகன் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகத் துணியோடு குந்தி, நாலு சக்கரத்திலும் துருவைத் துடைத்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வண்டி அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

சில மாதத்தில் வண்டி விலைக்கு வந்தது. வாங்க வந்தவர் நாகலிங்கம், நுவரெலியா பஜாரில் பரம்பரை இரும்புக் கடைக்காரர், நானுஓயாக் கோயிலுக்கு தர்மகர்த்தா. ஆசை மகனுடையது, காசு அவருடையது. வண்டியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்தார். மஞ்சள் கவ்வியையும் அதனூடே மின்னிய தட்டையும் பார்த்தார். துருவின் ஒரு பொட்டுகூட இல்லை. அழகன் அப்போதுதான் துடைத்துவிட்டு எழுந்திருந்தார்.

"இந்தப் பிரேக்குதான் வண்டியில பெரிய சாமான்னு மகன் சொல்றான். பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் எனக்கு வெளங்காது. அழகா, நீ தேருக்குக் கட்ட போடுறவன். நீ சூடம் அடிச்சுச் சொல்லு, நான் வாங்கிக்கிறேன்."

சூடத்தை ஏற்றி, சாமியைப் பார்த்துச் சொல்லி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைப்பது இங்கே கடைசிப் பேச்சு. அதற்குமேல் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பொய் சொன்னால் கண் அவிந்துபோகும் என்பார்கள். அழகன் மதுசூதனனைத் திரும்பிப் பார்த்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கோயில் படியில் பணிவாக நின்றான்.

"கார்பன் தட்டுதாங்க. கம்பனிக்காரன் போட்டது. வேற எதுவும் பூட்டல." அழகன் ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. வண்டி கைமாறியது.

நாகலிங்கத்தின் மகன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வெளியூர் போய்வந்தான். வாரம் முழுக்க மழை. துடைக்க ஆளில்லை. வந்து பார்த்தால் நாலு தட்டிலும் துரு அப்பிக் கிடந்தது. கொழும்பில் காட்டினான். அங்கே பார்த்தவன், இது சுத்த இரும்புத் தட்டு, யாரோ கார்பனைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டியிருக்கிறார்கள், ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் நீங்கள் வாங்கிய சாமான் இதுவல்ல என்று சொல்லிவிட்டான். இரும்பு விற்கிறவருக்கே இரும்பைத் தலையில் கட்டியாயிற்று என்று பஜாரே சிரித்தது.

நாகலிங்கம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கோயிலுக்கு வந்த அழகனைப் பார்த்து, "சூடம் அடிச்சியேப்பா" என்று மட்டும் சொன்னார்.

அழகன் ஓட்டமும் நடையுமாக ஹோட்டலுக்குப் போனார். மதுசூதனன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீங்க சொன்னதத்தானே நான் சொன்னேன்? கோயிலுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. அழகனுக்குத் தெரியாது, நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்னு. வேற ஒண்ணும் வேணாம். தேர் வருது."

"வித்த வண்டிண்ணே அது. முடிஞ்ச கதை." கோப்பையை வைத்தான். "நான் உங்களச் சூடம் அடிக்கச் சொன்னேனா? நீங்களா அடிச்சீங்க."

அது உண்மைதான். அவன் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நின்றான். வெள்ளவத்தை, இனிப்புப் பெட்டி, தோளில் விழுந்த கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அழகன் நெஞ்சில் குத்தின. தன்னைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, மலிவான இரும்பைப் பூட்டி வேலையை முடித்திருக்கிறான். தினமும் துருவைத் துடைத்து அவன் பொய்க்கு மெருகு போட்டதும் தன் கைதான் என்பதை நினைத்தபோது, அந்தக் கையையே வெட்டி எறியலாம் போலிருந்தது.

தேருக்கு முன் கோயில் கூட்டம் கூடியது. "இந்த வருசம் வடம் புடிக்கிற மூக்கன் கட்ட போடட்டும். பொய்ச் சத்தியம் பண்ணுன கை சக்கரத்துல படக்கூடாது" என்றார் நாகலிங்கம். சபை தலையாட்டியது.

அழகன் எழுந்தார். "சரிங்க. ஆனா சின்ன முதலாளியையும் கூப்பிடுங்க. தட்ட இரும்பா மாத்துனது தெரியாதுன்னு அவரு சூடம் அடிச்சுச் சொல்லட்டும். சொன்னா நான் கட்டையத் தொடல."

அவருக்குத் துளி சந்தேகமில்லை. மனுஷனிடம் எதை வேண்டுமானாலும் சொல்வான், சாமி முன்னால் நாக்குப் புரளாது. சூடத்தைப் பார்த்ததும் கை நடுங்கி, அழுதுவிடுவான். ஊர் முன்னால் அவன் தலைகுனியப் போகிறானே என்று அழகனுக்கு உள்ளுக்குள் இரக்கம்கூட வந்தது. இரக்கம்!

மதுசூதனன் வந்தான். கால் கழுவினான். திருநீறு பூசினான். தட்டில் சூடத்தை அவனே வைத்து, அவனே ஏற்றினான்.

"நான் எந்தத் தட்டையும் மாத்தல. மாத்துனது யாருன்னும் எனக்குத் தெரியாது."

பட்டென்று அடித்தான். சூடம் அணைந்தது.

அழகன் அவன் கையைப் பார்த்தார். நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சிமிட்டியது. கூட்டத்தில் ஒருவர் "ச்சே" என்றார், மதுசூதனனைப் பார்த்தல்ல. அப்படியானால் கழற்றி விற்றவன் யார் என்று எல்லோருக்கும் இப்போது புரிந்துவிட்டது. நாகலிங்கம் அழகனைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதுசூதனன் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தபடி அழகன் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கண்ணே. நாளைக்குக் கண்டிக்குப் போகணும், நேரத்தோட வந்துருங்க."

அழகன் இடுப்பிலிருந்து ஹோட்டல் ஜீப்பின் சாவியை எடுத்தார்.

"உங்களுக்குச் சின்னதுல நெருப்புக் காய்ச்சல் வந்துச்சு. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. இதே தட்டுல சூடம் ஏத்தித்தான் தம்பி சாமிகிட்ட நான் உங்க உசுரக் கேட்டேன்."

தட்டு இன்னும் சுட்டது. அதன் நடுவில் சாவியை வைத்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.