வலது கன்னத்துக்கு மட்டும்

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் படகோட்டுகிறவனுக்கு வெயில் எப்போதும் வலது பக்கம்தான். காலையில் வடகிழக்கே முகம் வைத்துப் போகும்போது சூரியன் வலது தோளுக்கு மேலே ஏறும். பின்னேரம் தென்மேற்கே திரும்பும்போது அதே வலது தோளுக்குப் பக்கத்தில் இறங்கும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சூரியன் தன் வழியில் போனது, படகு தன் வழியில் போனது, நடுவில் பத்திநாதர் நின்றார்.

சண்டைக்காலத்தில் படகு ஓடாமல் கிடந்த நாட்களைக் கழித்துப் பார்த்தாலும், அவர் சுக்கான் பிடித்தது இருபது வருடத்துக்குக் குறையாது. அவருடைய வலது கன்னம் எரிந்த சிரட்டை மாதிரி இருந்தது. இடது கன்னம் அவித்த பனங்கிழங்கு. எல்லைக்கோடு நெற்றியில் தொடங்கி மூக்கின் முதுகால் இறங்கி நாடியில் முடிந்தது. ஊரில் ஒருவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்த முகம். தினமும் பார்க்கிறவர்களுக்கு அது முகம் மட்டும்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். பாரிசில் இருந்த மகள் அனோஜினிக்கு அங்கேயே ஒரு கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தாய் சம்பந்திமாரின் படத்தைக் கேட்டாள். அனோஜினி தன்னிடமிருந்த படத்தைக் காட்டினாள். அந்த மனுசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு படத்தைக் கிழிச்சு ஒட்டினதோ பிள்ளை? மற்ற ஆள் ஆர்?" என்று கேட்டாளாம்.

அனோஜினி வேலை செய்தது தோலுக்குப் பூசும் சாமான்கள் விற்கும் மருந்துக்கடை ஒன்றில். அடுத்த மாதமே, லீவில் ஊருக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு பொதி வந்து சேர்ந்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மண்ணிறப் போத்தல், ஒரு வெயில் கிறீம், ஒரு கடிதம். பத்திநாதரின் மனைவி மேரிஜோசப்பின், குசினி வாசலில் நின்று கடிதத்தை வாசித்தாள்.

"அப்பா, இது விற்றமின் சீ. குடிக்கிறதில்லை, முகத்தில பூசுறது. காலமை முகம் கழுவி, ஈரம் துடைச்சு, நாலு துளி. முதல் நாட்களில கொஞ்சம் சுள்ளெண்டும், பயப்பட வேண்டாம். அதுக்கு மேல வெயில் கிறீம் கட்டாயம். வெயில் செய்த கறுப்பை இது மெல்ல மெல்ல எடுக்கும், இனி வாற வெயில் தோலைக் கெடுக்கிறதையும் குறைக்கும். மூண்டு மாதமாவது பொறுக்கவேணும். குளிரான, இருட்டான இடத்தில வையுங்கோ. நிறம் மாறி மண்ணிறமாப் போனால் பழுது, எறிஞ்சிடுங்கோ. முகம் முழுக்கப் பூசுங்கோ."

"முகம் முழுக்க எண்டு போட்டிருக்கு" என்று மேரிஜோசப்பின் இரண்டாம் தரம் வாசித்தாள்.

"இடது பக்கம் என்ன குற்றம் செய்தது? நொண்டுற காலுக்கு எண்ணெய் போடுறதோ, நல்ல காலுக்குப் போடுறதோ?" என்று பத்திநாதர் கேட்டார்.

அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்தது. மிச்சமிருந்தது குளிரான இடம். நெடுந்தீவில் கரண்ட் பொழுதுபட்டபிறகு சில மணித்தியாலம் வரும். அவர்கள் வீட்டில் குளிர்பெட்டி இல்லை. தீவில் குளிர் என்று சொல்லக்கூடியது மீன் வியாபாரி பரராசசிங்கத்தின் ஐஸ் பெட்டி ஒன்றுதான். அது பத்திநாதரின் படகிலேயே தினமும் போய்த் தினமும் திரும்பியது. பரராசசிங்கம் மனம்கோணாமல் இடம் கொடுத்தார். பொலித்தீன் பையில் சுற்றிய விற்றமின் சீ, பாரை மீனுக்கும் ஒட்டி மீனுக்கும் நடுவில் குடியேறியது.

மருந்து படகில் இருந்தபடியால் பூச்சும் படகில்தான் நடந்தது. தினமும் காலை, புறப்படுவதற்கு முன், அறுபது பயணிகள் பார்த்திருக்க, பத்திநாதர் நல்ல தண்ணீரில் முகம் கழுவித் துவாயால் ஒற்றி, பரராசசிங்கம் மீனை விலக்கி எடுத்துக்கொடுக்கும் போத்தலிலிருந்து நாலு துளியை வலது கன்னத்தில் விடுவார். சுள்ளென்றதும் வலது கண்ணை மட்டும் மூடுவார். பிறகு கிறீம். முதல் வாரம் சனம் அதை நேர்த்திக்கடன் என்று நினைத்தது. ஒரு கிழவர், பத்திநாதருக்குப் பாரிசவாதம் வந்து அரைமுகம் இழுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

விளங்கப்படுத்தியவர் மீனலோசனி ரீச்சர். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். கிழமை முடிவில் யாழ்ப்பாணம் போவார்.

"தோலுக்குள்ள ஒரு சாயம் ஊறும் அண்ணை. வெயில் பட்டால் கூட ஊறும், அதுதான் கறுப்பு. இந்த விற்றமின் அது ஊறுறதைக் குறைக்கும். தோலை இறுக்கமா வைச்சிருக்கிற நாருக்கும் உதவி. ஆனால் கிறீமை விட்டால் எல்லாம் வீண்."

"அப்ப தேசிக்காயிலயும் விற்றமின் சீ தானே ரீச்சர்?" என்று ஐஸ் பெட்டிமேல் இருந்த பரராசசிங்கம் கேட்டார்.

"தேசிக்காயைச் சாப்பிடுங்கோ. பூசவேண்டாம்."

பரராசசிங்கம் தலையாட்டினார். சனிக்கிழமை, ரீச்சர் படகில் இல்லாத நாளில், இரண்டு தேசிக்காயைப் பிழிந்து முகத்தில் பூசிக்கொண்டு உச்சிவெயிலில் குறிகட்டுவான் துறையில் மீன் இறக்கினார். மூன்றாம் நாள் முகம் சிவந்து கொப்பளித்தது. கொப்பளம் ஆறியபோது சாறு வழிந்த வழியெல்லாம் மண்ணிறக் கோடாக மிஞ்சியது. நெற்றியிலிருந்து கழுத்துவரை ஆறும் கிளையாறுமாக, ஒரு தேசப்படம் போல இருந்தது. தேசிச்சாறும் வெயிலும் சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும் என்று ரீச்சர் சொன்னார். "மீனுக்குப் பூசேக்க ஒண்டும் செய்யேல்லையே" என்பது பரராசசிங்கத்தின் வாதம். அந்தக் கோடுகள் மங்க மாதங்கள் எடுத்தன. ஆனாலும் போத்தலைத் தினமும் எடுத்துக்கொடுக்கும் வேலையை அவர் ஒருநாளும் விடவில்லை.

மூன்று மாதம் கழிந்து, அனோஜினி இரண்டாவது போத்தலும் அனுப்பியபிறகு, கறுப்பு உண்மையிலேயே இறங்கியது. படகு ஓடாத ஒரு மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்த மேரிஜோசப்பின், கையை நிறுத்திவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னமும் ஒரே நிறம்.

"இஞ்சேருங்கோ, இனிக் காணும். நிப்பாட்டுங்கோ. ஆரோ பிறத்தி மனிசனுக்குச் சோறு போடுறமாதிரிக் கிடக்கு."

"நிப்பாட்டினால் திரும்பக் கறுக்கும். தொடங்கினதை விடேலாது."

விடவில்லை. வெளுத்த பக்கத்தைக் காக்க, கரையில் நிற்கும் நேரமெல்லாம் வெயிலுக்கு இடது பக்கத்தையே காட்டினார். ஒரு பாதுகாப்பும் இல்லாத அந்தக் கன்னம் நேர்வெயிலையும் கடலில் தெறிக்கும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டே இருந்தது. வலது கன்னமோ பூச்சிலும் கிறீமிலும் சொகுசாக வெளுத்தது. மாரி முடிந்தபோது பத்திநாதரின் முகம் பக்கம் மாறிவிட்டது: வலது பனங்கிழங்கு, இடது சிரட்டை.

குறிகட்டுவான் துறையில் படகுக்காரரின் பாஸைப் பார்ப்பது கடற்படைச் சிப்பாய் ஒருவரின் வேலை. புதிதாக வந்த ஒரு இளம் சிப்பாய், வேலையில் மெத்தக் கவனம். பாஸில் இருந்த படத்தையும் முகத்தையும் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, இது நீங்க இல்ல. படத்தில கறுப்பு இந்தப் பக்கம். உங்களுக்குக் கறுப்பு அந்தப் பக்கம்."

"விற்றமின் சீ" என்றார் பத்திநாதர்.

பின்னால் கோழிக்கூடும் ஒடியல் கிழங்கு மூட்டையுமாக அறுபது பேர் நின்றார்கள். சிப்பாய் யோசித்தார். காவலறைக்குள் போய்ச் சவரக்கண்ணாடியை எடுத்துவந்து பத்திநாதரின் முகத்துக்கு முன்னே பிடித்து, அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தார். கண்ணாடிக்குள் கறுப்பு சரியான பக்கத்தில் இருந்தது. இப்போது இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் இடம் மாறிவிட்டது. சிப்பாய் படத்தில் இருந்த மச்சத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்து, திருப்தியாகி, "சரி, போங்க" என்றார்.

பதினொரு நாள் அப்படியே நடந்தது. பன்னிரண்டாம் நாள் வேறொரு சிப்பாய் நின்றார். பத்திநாதர் அவருக்கு வேலை வைக்காமல் தானே வீட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோய், முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, "பின்னால வந்து பாருங்கோ தம்பி. மச்சத்தை மறையுங்கோ" என்றார். அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. முதுகு காட்டிக் கண்ணாடி பிடிக்கும் மனிதரை என்ன செய்வதென்றும் தெரியாது. மேலதிகாரி வரும்வரை எல்லோரும் இரண்டு மணித்தியாலம் வெயிலில் காய்ந்தார்கள். வந்த அதிகாரி சிரிக்கவில்லை. புதுப் படம் எடுத்துக்கொண்டு வரச்சொன்னார்.

அன்று வீடு திரும்பிய பத்திநாதர், கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு மனைவி முன்னால் கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்: "நாளையிலயிருந்து இடதுக்கும் பூசுறன்."

"எட்டு மாதத்துக்கு முன்னம் பிள்ளை எழுதினது" என்றாள் மேரிஜோசப்பின்.

"பிள்ளை எழுதினது சரி. நேவியும் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

முகம் முழுக்கப் பூசினார், தொப்பியும் போட்டார். நாலு மாதத்தில் இரண்டு பக்கமும் சமாதானத்துக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் மேரிஜோசப்பினோடு சேர்ந்து நேரே பார்த்துப் படம் எடுத்தார். படக்காரர் வெளிச்சத்தை ஒரு பக்கமாக வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றபோது, பத்திநாதர் எழுந்துபோய் விளக்கைத் தன் கையாலேயே நடுவில் வைத்துவிட்டு வந்து இருந்தார்.

புதுப் பாஸுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று. பாரிஸ் படத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய் திரும்பவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாளாம். பிறகு மகனைத் தனியே கூப்பிட்டு, "முதல் படத்தில நிண்ட தகப்பனுக்கு என்ன நடந்தது? இது அந்த மனிசனின்ர தம்பி போலக் கிடக்கு. செத்ததை எங்களுக்கு மறைக்கினம்" என்று அழுதாளாம். செத்துப்போகாத மனிதருக்காக அந்த வீட்டில் ஒருநாள் மீனோ இறைச்சியோ சமைக்கவில்லை. கடைசியில் அனோஜினி தொலைபேசியில் தகப்பனைப் பேசவைத்து, "நான்தான் ரெண்டு பேரும், அம்மா" என்று அவர் சொன்னபிறகே கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பவும் மூண்டு பாதை பூட்டுப்பட, பாரிசுப் பொதிகளும் நின்றன. கடைசிப் போத்தல் ஐஸ் இல்லாமல் ஒரு கிழமையில் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்தது. அனோஜினி எழுதியபடியே பத்திநாதர் அதைக் கடலில் ஊற்றினார். துளிவிடும் குழாயோடு போத்தலை மட்டும் மேரிஜோசப்பின் வாங்கிக் கழுவி, தையல் மெசினுக்கு எண்ணெய் விட வைத்துக்கொண்டாள். அந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் நெடுந்தீவில் கிடைக்காது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரவல் வாங்கிப் போனார்கள்.